திரவ உரத் தொட்டியைச் சுற்றிய தடுப்புச் சுவர்: எவ்வளவு உயரம் வேண்டும்?

ஒட்டன்சத்திரம் உழவர்:
அனைவருக்கும் வணக்கம். சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் நாங்கள் 12 பேர் சேர்ந்து, 32 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியா அம்மோனியம் நைட்ரேட் திரவ உரத்தை மொத்தமாக வாங்கி, மொட்டைமாடியில் வைக்கும் வகையான 5000 லிட்டர் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருக்கிறோம். 40 அடி தள்ளிக் கிணறு இருக்கிறது. இரண்டு வீட்டார் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். சென்ற வாரம் தொட்டியடியில் தரை நனைந்திருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. 4 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் சுற்றுச்சுவர் எழுப்ப நினைக்கிறோம். உயரம் எவ்வளவு வேண்டும்? மழைநீர் வெளியேற அடியில் துளை விடலாமா?

கிடங்குப் பொறியாளர்:
ஐயா, சுவருக்கு முன்னால் தொட்டியைக் கவனியுங்கள். இந்த உரம் லிட்டருக்கு ஏறத்தாழ 1.33 கிலோ எடையுள்ளது. 5 டன் தண்ணீருக்கென்று செய்த தொட்டி உங்களிடம் 6.6 டன் சுமக்கிறது. தண்ணீரைப்போல் 1.5 மடங்கு அடர்த்தியுள்ள திரவத்தைத் தாங்கும் தொட்டி கிடைக்கும்வரை பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

சுவர், தொட்டிக் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 5.5 கன மீட்டரை 12 சதுர மீட்டரால் வகுத்தால் 46 செ.மீ. வரும். ஐப்பசி மழையையும் சேர்த்து 60 செ.மீ. உயரத்துக்குக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் எழுப்பி, தரைக்கும் சுவருக்கும் உட்புறம் எப்பாக்சி பூசுங்கள். இந்த உரம் வெறும் சிமெண்ட்டை அரிக்கும். துளை கூடவே கூடாது. மூலையில் சிறு குழி விட்டு, தேங்கும் மழைநீரை மோட்டாரால் இறைத்து வயலுக்கே பாய்ச்சுங்கள்.

சொட்டுநீர்க் குழாய் வேலையாள்:
அண்ணா, அந்த ஈரம் வால்விலிருந்து வந்திருக்கலாம். பித்தளை வால்வா என்று பாருங்கள். நான் கழற்றிய ஒரு வால்வில் மறையைச் சுற்றி மயில்துத்தம் போல நீலப் பொருக்குப் படிந்திருந்தது. விரலால் தேய்த்ததும் மறையே உதிர்ந்தது. செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவற்றை இந்த உரம் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பாலிபுரொப்பிலீன் வால்வு போட்டு, கைப்பிடியைப் பூட்டி வையுங்கள்.

கிடங்குப் பொறியாளர்:
பூட்டு என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ரெட் ஓக் என்ற ஊரில், வார இறுதியில் ஒரு வால்வு திறந்தே கிடந்ததால் ஏறத்தாழ 1500 டன் திரவத் தழைச்சத்து உரம் வடிகால் வழியே கிழக்கு நிஷ்னபோட்னா ஆற்றில் இறங்கி, மிசௌரி மாநில எல்லையையும் தாண்டிச் சென்று, 7 லட்சத்துக்கும் அதிகமான மீன்களைக் கொன்றது. உங்கள் தொட்டி சிறியதுதான். ஆனாலும் அது நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 100 மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்து அதில் இருக்கிறது. அது கிணற்றில் இறங்கினால் கைக்குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து; நைட்ரேட் அவர்களின் இரத்தம் உயிர்வளியைச் சுமப்பதைத் தடுத்துவிடும். கிணற்று நீரை உடனே சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை வேறு தண்ணீர் குடிக்கட்டும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது.

ஒட்டன்சத்திரம் உழவர்:
தம்பி சொன்னது சரிதான், பித்தளை வால்வு. நீலப் பொருக்கும் இருக்கிறது. உரத்தை இன்றே கேன்களுக்கு மாற்றுகிறோம். இரண்டு வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன். சிந்தியதன் மேல் மரத்தூள் போடலாமா?

கிடங்குப் பொறியாளர்:
மரத்தூள் வேண்டாம், நைட்ரேட் ஊறிக் காய்ந்த மரத்தூள் எளிதில் தீப்பற்றும். உலர்ந்த மணலைப் போட்டு அள்ளி, நனைந்த மேல்மண்ணையும் வெட்டியெடுத்து, கிணற்றுக்கு எட்டாத வயலில் மெல்லியதாகப் பரப்புங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மண்ணில் இருப்பது கிணற்றுக்கே இறங்கும்.