ஹார்ட் டிஸ்க் ஊர்கிறது, டிஃப்ராக் 3 சதவீதத்தில் நிற்கிறது: தொடரலாமா, நிறுத்தலாமா?

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ (திங்கள், இரவு 10.40)

வணக்கம். அப்பா தொடங்கிய போட்டோ ஸ்டுடியோவை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வாரமாகக் கணினி ஊர்கிறது. ஒரு திருமணத்தின் ஃபோல்டரைத் திறந்தால் சிறுபடங்கள் வருவதற்கு நான்கு நிமிடம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கிறது.

கணினி 2017-இல் வாங்கியது. விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், 7200 சுற்று ஓடும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதைச் சி, டி என்று பிரித்திருக்கிறேன். படங்கள் இருக்கும் டி 800 ஜிபி, அதில் 31 ஜிபிதான் காலி. துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்க விண்டோஸிலேயே இருக்கும் டிஃப்ராக் கருவியில் ‘அனலைஸ்’ கொடுத்தபோது டி 38 சதவீதம் துண்டாகியிருப்பதாகக் காட்டியது. நேற்று இரவு ‘ஆப்டிமைஸ்’ கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் 3 சதவீதம். இப்போதும் அதே 3 சதவீதம்.

இதை ஓடவிடலாமா? வேறு டிஃப்ராக் மென்பொருள் போட்டால் வேகமாக முடியுமா? போன மாதம் வேலந்தாவளத்தில் எடுத்த ஒரு திருமணம் இன்னும் ஆல்பம் ஆகவில்லை. கேமரா கார்டை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டேன். படம் இந்த டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது.

நடுப்புணி வாசி (திங்கள், இரவு 11.15)

டிஃப்ராக் முழுதாக நடக்க டிரைவில் 15 சதவீதமாவது காலி இடம் வேண்டும். உங்களுக்கு 120 ஜிபி. இருப்பது 31. துண்டுகளை எடுத்து வைக்க இடம் இல்லாமல் திணறுகிறது என்று நினைக்கிறேன். பழைய வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். என் வீட்டுக் கணினியில் ஒரு முழு இரவு ஓடி முடிந்தது, பிறகு நல்ல வித்தியாசம் தெரிந்தது.

பொள்ளாச்சி ஹார்டுவேர் (செவ்வாய், காலை 6.05)

தம்பி, இதைப் படித்தவுடன் டிஃப்ராக்கில் ‘ஸ்டாப்’ கொடுங்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நிறுத்திவிட்டீர்களா? சரி. இடம் போதாது என்று நடுப்புணி நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் இடம் போதாவிட்டால் டிஃப்ராக் அரைகுறையாக முடியும். ஒரு நாள் முழுக்க 3 சதவீதத்தில் நிற்காது. எனக்குச் சந்தேகம் டிஸ்கின் மேலேயே.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8.3 மில்லிநொடி. தேவையான இடம் டிஸ்கைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிநொடி. தலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர 9 மில்லிநொடி வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு கோப்பு கூடுதலாக ஒரு துண்டு ஆனால் 13 மில்லிநொடி நஷ்டம். 4 ஜிபி வீடியோ ஐம்பது துண்டாகக் கிடந்தாலும் முக்கால் நொடி கூடப் போகாது. 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை ஒட்டவைக்க விண்டோஸ் மெனக்கெடாததும் இதனால்தான். உங்கள் ஃபோல்டரில் 600 படங்கள், ஒவ்வொன்றும் மூன்று துண்டு என்றால் கூடுதல் 1200 துண்டு, பதினாறு நொடி. நீங்கள் சொல்வதோ நான்கு நிமிடம். மீதி எங்கே போகிறது?

படிக்க முடியாத செக்டாரில்தான் போகிறது. செக்டார் என்பது டிஸ்கில் தகவல் எழுதப்படும் சிறு கட்டம். கெட்டுப்போன ஓர் இடத்தைத் தொட்டால் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்த நேரம் முழுவதும் விண்டோஸ் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். வெளியே பார்க்கும் நமக்கு ‘100 சதவீதம்’ மட்டும் தெரியும்.

மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் டிஸ்கின் ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ எவ்வளவு, படிக்கும் வேகம் எவ்வளவு? விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவண்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவுகளில் டிஸ்க் பெயரில் 7 அல்லது 153 என்ற எண் இருக்கிறதா? டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து திறந்தால் என்ன நிறம் காட்டுகிறது? அதில் 05, சி5, சி6, சி7 ஆகிய நான்கு வரிகளின் கடைசி எண்ணை எழுதுங்கள்.

இன்னொன்று. டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் எதையும் பார்க்க வேண்டாம். உடனே அணைத்துவிட்டு டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ (செவ்வாய், மதியம் 1.20)

நிறுத்திவிட்டேன் அண்ணா. டக் டக் சத்தம் இல்லை.

ரெஸ்பான்ஸ் டைம் 4,000 மில்லிநொடிக்கு மேல் போய்விட்டு இறங்குகிறது. படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பி கூட இல்லை. ஈவண்ட் வியூவரில் எண் 7 வரிசையாக இருக்கிறது. ‘பேட் பிளாக்’ என்று எழுதியிருக்கிறது. முதல் பதிவு பதினேழு நாளுக்கு முந்தையது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது. 05-இல் 18, சி5-இல் 58, சி6-இல் 58, சி7-இல் 0.

கைகால் ஓடவில்லை. ஆல்பம் ஆகாத அந்தத் திருமணம் மட்டும் இல்லை அண்ணா. இங்கே யாராவது இறந்துவிட்டால், மாலை போட்டு மாட்டுவதற்குப் படம் கேட்டு ஸ்டுடியோவுக்குத்தான் வருவார்கள். பழைய திருமணப் படத்தில் ஓர் ஓரத்தில் நிற்கும் முகத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுப்போம். எட்டு வருட முகங்கள் அந்த டி-யில் இருக்கின்றன.

பொள்ளாச்சி ஹார்டுவேர் (செவ்வாய், மதியம் 1.50)

பதற வேண்டாம் தம்பி. சத்தம் இல்லை, டிஸ்க் இன்னும் பதில் சொல்கிறது. நேரம் இருக்கிறது, ஆனால் வீணாக்கக் கூடாது.

அந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்டவை. 58 என்றால் 5 பதினாறு, மேலே 8: மொத்தம் 88. அதாவது 88 செக்டார்களைப் படிக்க முடியாமல் டிஸ்க் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. 18 என்பது 24. அத்தனை செக்டார்களை ஏற்கெனவே மாற்று இடத்துக்குத் தள்ளிவிட்டது. கேபிள் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் சி7 சுழியம் என்பதால் கேபிள் மேல் பழி இல்லை. அது ஏறிக்கொண்டே போயிருந்தால் முதலில் டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றச் சொல்லியிருப்பேன்.

இப்படிப்பட்ட டிஸ்கில் டிஃப்ராக் ஓட்டினால் என்ன நடக்கும்? 800 ஜிபியில் கிடக்கும் கோப்புகளை எடுத்து எடுத்து வேறு இடத்தில் எழுதும். நொண்டும் மாட்டின் முதுகில் இன்னும் நாலு மூட்டை ஏற்றுவது போல. இன்னொரு நிறுவனத்தின் டிஃப்ராக் மென்பொருளும் அதே மாட்டைத்தான் ஓட்டும். டிஸ்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் ‘செக்டிஸ்க்’ ஓட்டச் சொல்லியும் யாராவது வருவார்கள். இந்த டிஸ்கில் அதுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது: கணினியை அணைத்து வையுங்கள். 2 டிபி புது டிஸ்க் ஒன்று வாங்குங்கள். பழைய டிஸ்கைக் கழற்றி இரண்டையும் வேறொரு கணினியில் மாட்டி, லினக்ஸ் உள்ள பென் டிரைவில் துவக்கி, ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவியால் அப்படியே நகல் எடுக்க வேண்டும். அதன் அருமை என்னவென்றால், கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை முடித்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் எது பழையது, எது புதியது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்கை உங்கள் படங்களின் மேல் எழுதிவிடும். லினக்ஸ் பழக்கம் இல்லையென்றால் நீங்களாகச் செய்ய வேண்டாம். நாட்டுக்கல், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு பஸ் இருக்கிறதே, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே செய்யலாம்.

நடுப்புணி வாசி (செவ்வாய், மதியம் 2.10)

நான் நேற்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்காமல் ‘மறுபடி ஓட்டுங்கள்’ என்று சொன்னது தவறு. தம்பி, என்னிடம் 2 டிபி டிஸ்க் ஒன்று பிரிக்காமலே இருக்கிறது. இன்று மாலை கொழிஞ்சாம்பாறை வழியாகத்தான் போகிறேன், தந்துவிட்டுப் போகிறேன். புதிது வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதும்.

குமுளி ஏலக்கடை (செவ்வாய், மாலை 5.30)

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதும் மடிக்கணினியும் மெதுவாகத்தான் இருக்கிறது. இங்கே மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போய் வரும், அதனால் டிஸ்க் கெட்டிருக்குமோ என்று பயம் வந்துவிட்டது. பார்த்தேன், நீல நிறத்தில் ‘குட்’ என்று காட்டுகிறது. டிஃப்ராக் கருவியில் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று எழுதியிருக்கிறது. நான் டிஃப்ராக் செய்யலாமா?

பொள்ளாச்சி ஹார்டுவேர் (செவ்வாய், இரவு 9.00)

உங்களுக்கு டிஃப்ராக்கே தேவையில்லை அக்கா. சாலிட் ஸ்டேட் டிரைவில், அதாவது எஸ்.எஸ்.டி.யில், சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. துண்டு எங்கே கிடந்தாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் செல்கள் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்புக்கு உட்பட்டவை. தனியாக ஒரு டிஃப்ராக் மென்பொருள் போட்டால் அந்த ஆயுளைத்தான் கரைப்பீர்கள். விண்டோஸ் கருவியில் ‘ஆப்டிமைஸ்’ கொடுத்தால் எஸ்.எஸ்.டி.க்கு அது ‘டிரிம்’ செய்யும், அதாவது அழித்த கோப்புகளின் இடம் இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்லும். விண்டோஸ் 8 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. வாராவாரம் அதுவே செய்துகொள்ளும், அந்த அட்டவணையை அணைக்காதீர்கள்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் வேறு. ராம் எவ்வளவு, கணினி தொடங்கும்போது என்னென்ன மென்பொருள்கள் தாமாகத் திறக்கின்றன என்று தனியாக எழுதிக் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ (வெள்ளி, இரவு 8.15)

எல்லோருக்கும் சொல்ல வேண்டும். புதன்கிழமை பொள்ளாச்சிக்குப் போனேன். டிடிரெஸ்க்யூ முதல் நான்கு மணி நேரத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. மிச்சம் இருந்த கொஞ்சத்தை விடிய விடியத் தேய்த்தது. கடைசியில் படிக்க முடியாமல் போனது ஒரு எம்பிக்கும் குறைவு. பிறகு புது டிஸ்கில், நகலின் மேல்தான், அண்ணா ‘செக்டிஸ்க்’ ஓட்டினார்.

வேலந்தாவளம் திருமணத்தை ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தேன். 1,140 படங்களில் இரண்டு பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டன. இரண்டும் சாப்பாட்டுப் பந்தியில் எடுத்தவை, அடுத்தடுத்த நொடியில் எடுத்த வேறு படங்கள் நன்றாக இருக்கின்றன. 2019-இல் எடுத்த ஒரு வரவேற்பு வீடியோ நடுவில் நின்றுவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு அப்போதே டிவிடி கொடுத்திருந்தோம், இன்று போய்க் கேட்டேன், பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாளை வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. புது டிஸ்கும் சுற்றும் டிஸ்க்தான். இதற்கு டிஃப்ராக் செய்யலாமா?

பொள்ளாச்சி ஹார்டுவேர் (வெள்ளி, இரவு 9.40)

செய்யலாம், செய்யவும் வேண்டும், ஆனால் கையால் வேண்டாம். டிஸ்க் நலமாக இருந்து, நிறைய எழுதி அழிக்கும் இடமாக இருந்தால் டிஃப்ராக் உண்மையிலேயே உதவும். வாராந்திர அட்டவணையை அப்படியே விட்டுவிடுங்கள், டி-யில் 300 ஜிபியை எப்போதும் காலியாக வைத்திருங்கள். ஃபோட்டோஷாப்பின் தற்காலிகக் கோப்புகளைச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு திருமணத்தையும் ஆல்பம் கொடுத்து முடிக்கும்வரை இரண்டு இடத்தில் வையுங்கள். அதுவரை கேமரா கார்டை அழிக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ (வெள்ளி, இரவு 10.05)

அப்படியே செய்கிறேன் அண்ணா. மேலும் நான்கு கார்டு வாங்கச் சொல்லிவிட்டேன். பழைய டிஸ்கில் ‘இதில் எழுதாதே’ என்று சிவப்பு மையில் சீட்டு ஒட்டி, அப்பாவின் ஃபிலிம் பெட்டியில் வைத்திருக்கிறேன். நடுப்புணி அண்ணாவின் டிஸ்க் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்துவிடும்.