குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்தை விட்டு மூலிகைக்கு மாறலாமா?

கேள்வி:
அம்மாவுக்குக் குளுக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு சிதையும் நோய். கண் அழுத்தம் 28 என உயர்ந்திருந்ததால், இரவுதோறும் லட்டானோபுரோஸ்ட் சொட்டு மருந்து இடச் சொல்லியிருக்கிறார்கள். பார்வையில் குறையேதும் தெரியாததால், அதை நிறுத்திவிட்டு மூலிகைக்கும் யோகாசனத்துக்கும் மாறலாமா என்று கேட்கிறார்.

பதில் 1:
தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள். இந்நோய் பெரும்பாலும் வலியின்றி ஓரப் பார்வையை அரித்துக்கொண்டு வருவதால், குறை தெரியும் வேளையில் பார்வை நரம்பு வெகுவாகச் சிதைந்திருக்கும். இழந்ததை எந்த மருத்துவத்தாலும் மீட்க இயலாது. மருந்தாலோ லேசராலோ அறுவையாலோ அழுத்தத்தைக் குறைப்பதே நிறுவப்பட்ட வழி.

பதில் 2:
சிரசாசனம் கண் அழுத்தத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். நடைப்பயிற்சி நல்லது.

கேட்டவர்:
சொட்டு மருந்தால் கண் சிவந்து உறுத்துவதே அம்மாவின் உண்மையான மனக்குறை என்று இப்போது அறிந்தேன்.

பதில் 1:
அப்படியானால், உறுத்தலுக்குக் காரணமாகக்கூடிய பதப்படுத்தும் பொருள் கலவாத சொட்டு மருந்து, லேசர் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை தற்போதைய மருந்தைத் தொடரட்டும்.