மருத்துவக் கஞ்சா நிலையம்: இடத்தைத் தீர்மானிப்பது யார்?

கேள்வி: கொட்டகலை வாசகர்
ஏற்றுமதிக்கு மட்டும் என்ற நிபந்தனையுடன் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 2025இல் அனுமதி வழங்கப்பட்டு, மீரிகமவில் காணியும் ஒதுக்கப்பட்ட செய்தியைப் பலரும் வாசித்திருப்பீர்கள். கைவிடப்பட்ட தேயிலை மலைகள் இங்கே நிறைய இருப்பதால், நாளை அத்தகைய பண்ணையோ மருந்து தயாரிக்கும் நிலையமோ நுவரெலியா மாவட்டத்தைத் தேடி வரக்கூடும். அவ்வாறு வந்தால், எங்கே அமையலாம் என்று சொல்லும் அதிகாரம் பிரதேச சபைக்கு உண்டா? அமெரிக்காவில் உள்ளூர்ச் சபைகளே இதை முடிவு செய்வதாக அறிகிறேன். அந்த முறை நமக்குப் பொருந்துமா? கஞ்சா நல்லதா கெட்டதா என்ற விவாதம் வேண்டாம்.

பதில்: ஹட்டன் நகரவாசி
ஐயா, இரண்டு அனுமதிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கஞ்சாவைக் கையாளும் உரிமை 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. அதில் சபைக்குப் பங்கில்லை. ஆனால் கட்டடம் எழுப்புவதற்கு, நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதியாயின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படியும், ஏனைய இடங்களில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டப்படியும் அனுமதி பெற வேண்டும். அந்த விண்ணப்பம் பெரும்பாலும் சபைக்கே வரும். கொழும்பில் கையெழுத்தான திட்டத்தைச் சபை அதை வைத்து நிறுத்திவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பதில்: கலிபோர்னியாவிலிருந்து ஒரு பண்டாரவளையார்
இங்கே 1996இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மருத்துவக் கஞ்சா அனுமதிக்கப்பட்டது. ரிவர்சைட் நகரம் தனது நிலப் பயன்பாட்டு விதியால் விற்பனை நிலையங்களை முற்றாகத் தடுத்தபோது, அது செல்லுபடியாகும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மசசூசெட்ஸ் சட்டமா அதிபரோ, ஊர்கள் இடத்தைக் கட்டுப்படுத்தலாம், முழுத் தடை விதிக்க முடியாது என்றார். ஒரே நாட்டிலேயே விடை ஒன்றல்ல. கலிபோர்னியாவின் பொது விதி, பாடசாலையிலிருந்து 600 அடி விலகியிருக்க வேண்டும் என்பது; உள்ளூர்ச் சபைகள் அதை மாற்றிக்கொள்ளலாம்.

பதில்: மஸ்கெலியா ஆசிரியை
அந்த 600 அடிதான் எனக்கு உறுத்துகிறது. அதைக் காணி எல்லையிலிருந்து காணி எல்லைக்கு நேர்கோட்டில் அளக்கிறார்கள். நம் மலைகளில் ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் பாடசாலை நேர்கோட்டில் மிக அருகில் இருக்கும். பாலத்தைச் சுற்றி நடந்தால் ஒரு மணித்தியாலமும் ஆகலாம். மறுபுறம், பிள்ளைகள் தேயிலைக்குள் இறங்கிப் போகும் குறுக்குப் பாதை பாடசாலையைச் சுற்றிய அந்த 600 அடி வட்டத்துக்குள் அகப்படாது. தோட்டத்தில் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பிள்ளை மடுவம் (குழந்தைப் பராமரிப்பு நிலையம்), கோயில், பாடசாலை எல்லாம் ஒரே ரோட்டோரத்தில் நெருங்கியிருப்பதால், வட்டங்களை வரைந்து முடித்தால் எஞ்சுவது மேட்டுக் காடும் ஊற்றுக்கண்களும்தான். நமக்குக் குடிநீர் வருவதே அங்கிருந்துதான்.

அறிவித்தல் அதைவிடப் பெரிய சிக்கல். கலிபோர்னியாச் சட்டம், பொது விசாரணைக்கு முன்னர் 300 அடிக்குள் உள்ள காணி உரிமையாளர்களுக்கு அறிவிக்கச் சொல்கிறது. இங்கோ 1992 முதல் கம்பனிகள் நடத்தும் தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்பவர் உரிமையாளர் அல்லர். ஆகவே கடிதம் தோட்டத்தை நடத்தும் துரைக்கும் அரசுக்கும் போகும்; திட்டத்துக்குக் காணி கொடுக்கப் போகிறவர்களும் அவர்களே! 2018இல் நமது பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்யவே பிரதேச சபைகளுக்குத் தடையிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

கொட்டகலை வாசகர்
அப்படியானால், காணி உறுதியைப் பார்க்காமல் வாக்காளர் இடாப்பின்படி அயலவருக்கு அறிவிக்க வேண்டும் என்று சபையில் பிரேரணை கொண்டுவரலாமா, டீச்சர்?

ஹட்டன் நகரவாசி
நான் குறுக்கிடுகிறேன். கொண்டுவரலாம், ஆனால் வெறும் தீர்மானம் கம்பனியைக் கட்டுப்படுத்தாது. துணை விதியாக இயற்றி, அமைச்சரின் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வெளியிட வேண்டும். விண்ணப்பம் வந்த பின்னர் அதைத் தொடங்கினால் காலம் போதாது.