"பந்து தத்தித் தத்தி வருதுடா": ஸ்ட்ரீமிங் பெட்டி திக்கிய கதைகள்

திருச்சியிலிருந்து

அப்பாவுக்கு இரண்டே தேவை. கிரிக்கெட், செய்தி. கேபிளை நிறுத்திவிட்டு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். முதல் மேட்ச் அன்றே, "பந்து தத்தித் தத்தி வருதுடா" என்றார். கண்ணாடியை மாத்துங்கப்பா என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாவத்துக்குத்தான் அடுத்த மூன்று மாதம் அலைந்தேன்.

நெட்தான் காரணம் என்று முடிவு கட்டி, 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கினேன். தத்தல் அப்படியே இருந்தது. லைன் பார்க்க வந்த பையன் ரவுட்டர் பழசு என்றான். புதிது வாங்கினேன். அப்போதும் தத்தல் அப்படியே. ஸ்டிக்கை முழுசாக ரீசெட் செய்து, எல்லா பாஸ்வேர்டையும் ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அப்பா, "கேபிளே இருந்திருக்கலாம்" என்று சொல்லவில்லை. நினைத்தது முகத்தில் தெரிந்தது.

விடை கிடைத்தது செய்தி சேனலின் அடியில் ஓடும் எழுத்துப் பட்டையில். ஒரு ராத்திரி சத்தத்தை நிறுத்திவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். படம் எங்கும் நிற்கவில்லை. வட்டம் சுற்றவில்லை. மங்கவும் இல்லை. ஆனால் எழுத்து ஓடும்போது சீரான ஒரு குலுக்கல், தாளம் போட்ட மாதிரி. நெட் கோளாறு இத்தனை ஒழுங்காக வராதே என்று அப்போதுதான் உறைத்தது.

கணக்கு இதுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிவி ஒளிபரப்பும் அதையொட்டியே வளர்ந்ததால் இங்கே நொடிக்கு 25 படம் (ஃப்ரேம்) அல்லது 50 படம். அமெரிக்கக் கணக்கு 60. ஸ்டிக்கை மாட்டியதும் அது 60-இல் போய் உட்கார்ந்துகொண்டது. 50 படத்தை 60 இடத்தில் நிரப்ப வேண்டுமானால், ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டு தடவை வர வேண்டும். அதாவது நொடிக்குப் பத்து முறை பந்து அந்தரத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுக் கிளம்புகிறது. அப்பா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. 24 படம் ஓடும் சினிமாவுக்கும் 60 சரியாக வகுபடாது. ஒரு படம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று போகும். அது பழகிய கண்ணுக்கு உறுத்துவதில்லை, கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது மட்டும் தெரியும்.

ஆண்ட்ராய்டு டிவியில் 12-ஆம் பதிப்பிலிருந்து டிஸ்ப்ளே பகுதியில் 'மேட்ச் கன்டென்ட் ஃப்ரேம் ரேட்' என்று ஒரு வரி இருக்கும். ஃபயர் டிவியில் 'மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட்'. போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆப் கேட்டால்தான் பெட்டி மாறும், அப்பா பார்க்கும் ஆப் கேட்கவே இல்லை. கடைசியில் ரெசல்யூஷன் பட்டியலில் 1080பி 50 ஹெர்ட்ஸ் என்று கையாலேயே நிறுத்திவைத்தேன். பட்டை எண்ணெய் தடவினாற்போல ஓடியது. பிளானைத் திரும்ப 100-க்கு இறக்கிவிட்டேன்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது, எழுதுங்கள்.

டொராண்டோவிலிருந்து

ஐயோ, இதே கதைதான், தலைகீழாக. இங்கே எல்லாமே 60. அம்மா பார்க்கும் சென்னை சீரியல்கள் 25. அவர் இரண்டு வருடமாக "கார் ஓடுற சீன் எல்லாம் இழுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் சீரியல்காரர்களின் கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு 50 ஹெர்ட்ஸ் தேடினேன். பட்டியலில் இருந்தது, அழுத்தினேன், திரை கறுத்து 'சிக்னல் இல்லை' என்று வந்தது. இங்கே விற்ற இந்தப் பழைய டிவி 50-ஐ ஏற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, அதனால் பயப்படாமல் முயற்சி செய்து பார்க்கலாம். படுக்கையறையில் இருக்கும் புது டிவி ஏற்றுக்கொண்டது. அம்மா இப்போது அங்கே குடியேறிவிட்டார்.

சேலத்திலிருந்து

எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. டிவி பக்கத்தில் இன்வெர்ட்டர் லைனில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். அதனால் ஸ்டிக்குக்குத் தனி அடாப்டர் போடாமல், டிவி பின்னால் இருக்கும் யூஎஸ்பி துளையிலேயே வயரைச் சொருகிவிட்டேன். கச்சிதமாக இருக்கிறது என்று பெருமை வேறு. அப்புறம் பார்த்தால் ரிமோட்டில் அழுத்தினால் மூன்று நொடி கழித்து நகரும். பாட்டு நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

சாதாரண யூஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். ஸ்டிக்கோடு வந்த அடாப்டர் 5 வாட். பாதிச் சோறு போட்டு முழு வேலை வாங்கியிருக்கிறேன். மேசை டிராயரில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது அந்த அடாப்டர். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்னொரு பாயின்ட் போட்டேன். பிரச்சினை அன்றோடு போயிற்று.

கோயம்புத்தூரிலிருந்து

சேலத்து நண்பர் ரிமோட் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் பாக்ஸில் யூஎஸ்பி 3 போர்ட் உண்டு. பழைய கல்யாண வீடியோ எல்லாம் ஏற்றிய ஹார்ட் டிஸ்க்கை அதில் சொருகினால் போதும், ரிமோட் செத்துவிடும். நான்கு முறை அழுத்தினால் ஒரு முறை கேட்கும். யூடியூபும் சுற்ற ஆரம்பிக்கும். டிஸ்க்கைப் பிடுங்கினால் எல்லாம் உயிர் பெறும். டிஸ்க்கில் வைரஸ் என்று மச்சான் சொல்லி, அதை நம்பி ஃபார்மட் வரைக்கும் போக இருந்தேன். கல்யாண வீடியோ தப்பித்தது.

யூஎஸ்பி 3 ஓடும்போது அதன் வயரும் இணைப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. புளூடூத் ரிமோட் பேசுவது அதே 2.4-இல். வைஃபையும் 2.4-இல் இருந்தால் அதுவும் சேர்ந்து திணறும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டிஸ்க்கை பாக்ஸிலிருந்து தள்ளி வைத்தேன், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அவ்வளவுதான். ஸ்டிக் பெட்டிக்குள் ஒரு குட்டி எச்டிஎம்ஐ வயர் வருமே, எல்லோரும் தூக்கிப் போடுவோமே, அதற்கும் இங்கே வேலை இருக்கிறது. டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சிக்னல் நன்றாக வரும்.

வெள்ளவத்தையிலிருந்து

நாங்கள் இருப்பது தொடர்மாடியில். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ்க் கடை என்று இருபத்தைந்து பெயர் வரும். பகலில் படம் வடிவாக ஓடும். இரவு எட்டு மணிக்குச் சனம் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு வட்டம் சுற்றத் தொடங்கும். 2.4-இல் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. இருபத்தைந்து வீடு மூன்று பாதையில் போனால் என்ன ஆகும்?

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பார்த்தேன். ரவுட்டர் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இரண்டு கொங்கிரீட் சுவர், அதைத் தாண்டி வர அதற்குத் தெம்பில்லை. கடைசியில் சுவரோரமாக வயர் இழுத்தேன். பெட்டியில் அந்த வயரைச் சொருகும் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்று ஒரு நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ், சாதாரண 1080பிக்கு 5. எட்டு மணிக்கும் மாறாமல் வரும் 100, நடுராத்திரியில் மட்டும் வரும் 300-ஐ விட மேல். வயர் மட்டும் கொஞ்சம் அசிங்கமாகத் தெரிகிறது. மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

வேளச்சேரியிலிருந்து

கத்திரி வெயில். ஷோகேஸ், கண்ணாடிக் கதவு. உள்ளே செட்டாப் பாக்ஸ், அதன் மேல் ரவுட்டர், அதன் மேல் ஆண்ட்ராய்டு பெட்டி. படம் போட்டால் முதல் அரை மணி நேரம் அருமை. இடைவேளை வரும்போது திக்கத் தொடங்கும், கிளைமாக்ஸில் கதாநாயகன் புகைப்படம் மாதிரி நிற்பார். நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து போட்டால் மறுபடி அருமை.

நேரம் போகப் போக மோசமானால் சூடு. சிப் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அண்ணன் பெட்டி மேல் ஐஸ் பேக் வைத்தார், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், தண்ணீர் கோத்துக்கொள்ளும். வெளியே எடுத்து டிவி ஸ்டாண்டில் தனியாக வைத்தேன். செலவு பூஜ்யம்.

திருநெல்வேலியிலிருந்து

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. பெயரில்லாத பெட்டி, பாதி விலை, மேலே 8 ஜிபி ராம், 128 ஜிபி, 8கே என்று ஸ்டிக்கர். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்ததில் ராம் இரண்டு ஜிபி. சரி, ஏமாந்தோம் என்று விட்டிருப்பேன்.

ஆனால் அது வந்த பிறகு வீட்டில் எல்லாமே மெதுவானது. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு அறுந்து அறுந்து போனது. ரவுட்டர் ஆப்பில் எந்தக் கருவி எவ்வளவு டேட்டா இழுக்கிறது என்று பார்த்தேன். டிவி அணைந்திருந்த ராத்திரியிலும் இந்தப் பெட்டி வெளியே டேட்டா அனுப்பிக்கொண்டே இருந்தது. படம் பார்க்கும் பெட்டிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கு என்ன அனுப்ப வேண்டியிருக்கிறது?

தேடிப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகள் சிலவற்றில் வரும்போதே நச்சு நிரல் பதிந்து வருகிறது. 'பேட்பாக்ஸ்' என்று பெயர். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதன் இரண்டாம் வடிவத்தைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது. நம் வீட்டு இணைப்பை வேறு யாரோ திருட்டு வேலைக்கு வழியாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும். வாசலில் நாம் உட்கார்ந்திருக்க, கொல்லைப்புறத்தை வாடகைக்கு விட்ட மாதிரி. என் பெட்டியில் இருந்தது அதுதானா என்று நிரூபிக்க எனக்குத் தொழில்நுட்பம் போதாது. நிரூபிக்கும்வரை வைத்திருக்கவும் தைரியமில்லை. இவை பெட்டியின் மூல மென்பொருளிலேயே இருப்பதால் ரீசெட் செய்தாலும் போகாது. பிடுங்கி மின்கழிவில் போட்டேன், எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். இப்போது வாங்குவதற்கு முன் பார்ப்பது ஒன்றே ஒன்று: பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் கூகுளின் பிளே புரொடெக்ட் சான்று பெற்ற கருவி என்று காட்டுகிறதா? இல்லையென்றால் ஓசியில் தந்தாலும் வேண்டாம்.

ஓசூரிலிருந்து

எனக்குச் சின்ன விஷயம். 8 ஜிபி ஸ்டிக்கில் பையன் மூன்று கேம் இறக்கியிருந்தான். மிச்சம் 200 எம்பி. ஹோம் ஸ்கிரீனே நகர மறுத்தது. கேமை அழித்து, பெரிய ஆப்களின் கேஷை, அதாவது அவை தற்காலிகமாகச் சேர்த்துவைத்த கோப்புகளைக் காலி செய்ததும் சரியாகிவிட்டது. டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து அனிமேஷனைப் பாதியாக்கு என்று நிறையப் பேர் சொல்வார்கள். செய்தேன். அது பெட்டியை வேகமாக்குவதில்லை, வேகமாக இருப்பது போலக் காட்டுகிறது. என்றாலும் மனசுக்கு நன்றாக இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். யூடியூபில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதன் அமைப்புகளில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' போடுங்கள். பஃபர், அதாவது முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும் வீடியோவின் எண் இறங்கிக்கொண்டே வந்தால் நெட். பஃபர் நிறைந்திருந்தும் டிராப் ஆன, அதாவது காட்டாமல் விட்ட ஃப்ரேம் ஏறிக்கொண்டே போனால் பெட்டிக்குச் சக்தி போதவில்லை. அங்கேயே கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறையின் பெயரும் வரும். ஏவி1 என்று இருந்து, உங்கள் பெட்டி 2018-க்கு முந்தையது என்றால் அதைப் பிரிக்கும் வன்பொருள் அதில் இருக்காது, முக்கித் திணறும். இரண்டு எண்ணும் நன்றாக இருந்தும் கண்ணுக்குத் தத்தினால் திருச்சி அண்ணன் சொன்ன 50, 60 சமாச்சாரம்.

மறுபடியும் திருச்சியிலிருந்து

ஓசூர்க்காரர் சொன்ன அந்த எண்களை மூன்று மாதம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் ரவுட்டர் காசு மிஞ்சியிருக்கும். சேலத்தார் சொன்னதைப் படித்துவிட்டு எழுந்து போய் டிவி பின்னால் எட்டிப் பார்த்தேன். எங்கள் ஸ்டிக்கும் யூஎஸ்பி துளையில்தான் இருக்கிறது. நாளைக்கு மாற்றுகிறேன்.

அப்பா நேற்று முழு மேட்ச் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அகராதியில் அது பாராட்டு. ஆனால் லீவுக்கு வந்திருக்கும் என் பையன் யூடியூபில் பார்க்கும் கார் ரேஸ் கேம் வீடியோ எல்லாம் 60 படம். 50-இல் நிறுத்தியதும் நொடிக்குப் பத்து படம் காணாமல் போய், இப்போது அது தத்துகிறது. அவன் இன்னும் கவனிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.