ஆண்டான்–அடிமைப் பகுதியிலிருந்துதான் மார்க்ஸ் வர்க்கப் போராட்டத்தை எடுத்தாரா?

கேள்வி:
தோழர்களே, ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் ஆண்டான்–அடிமை இயங்கியலே (இருவர் மோதி ஒருவன் ஆண்டானும் மற்றவன் அடிமையும் ஆகி, அந்த உறவு மாறுவதைச் சொல்லும் பகுதி) மார்க்சின் வர்க்கப் போராட்டத்துக்கு மூலம் என்று பல அறிமுக நூல்கள் சொல்கின்றன. மார்க்சின் 1844 கையெழுத்துப்படிகளில் தேடினால் அந்த இடமே அகப்படவில்லை. எதைப் படித்தால் தெளியும்?

பதில் 1:
அங்கே இல்லாததால்தான் அகப்படவில்லை. ஹெகலின் 1807 நூலான 'ஆன்மாவின் நிகழ்வியல்' பற்றி மார்க்ஸ் அதில் விரிவாகவே எழுதுகிறார். ஆனால் அவர் மல்லுக்கு நிற்பது கடைசி அத்தியாயமான 'முழுமுதல் அறிவு' பகுதியோடு. மனிதன் உழைத்துத் தன்னையே ஆக்கிக்கொள்கிறான் என்று ஹெகல் கண்டதைப் பாராட்டுகிறார்; ஹெகலுக்குத் தெரிந்த உழைப்பு சிந்தனை உழைப்பு மட்டுமே என்று மறுக்கிறார்.

நீங்கள் சொல்லும் வாசிப்பைப் பரப்பியவர் ரஷ்யாவில் பிறந்த பிரெஞ்சுத் தத்துவவாதி கோழேவ். பாரிசில் 1933 முதல் 1939 வரை நடத்திய வகுப்புகளில், ஹெகலின் அந்த நூலில் ஆண்டான்–அடிமைப் பகுதி வரும் நான்காம் அத்தியாயத்தின் சில பக்கங்களையே முழு நூலுக்கும் திறவுகோலாக்கினார். உளப்பகுப்பாய்வாளர் லக்கான், தத்துவவாதி மெர்லோ-பொந்தி போன்றோர் கேட்ட வகுப்பு அது, 1947இல் நூலானது. மார்க்ஸ் வழியாக ஹெகலைப் படித்தவர் அவர். அதைத்தான் பின்னால் வந்தவர்கள் தலைகீழாக்கி, மார்க்ஸ் ஹெகலிடம் எடுத்ததாகச் சொல்கிறார்கள்.

பதில் 2:
மூலப் பகுதியையே ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இரு தன்னுணர்வுகள் (தன்னை உணர்ந்த இருவர்) மற்றவரின் அங்கீகாரத்துக்காக உயிரைப் பணயம் வைத்து மோதுகின்றன; சாவுக்கு அஞ்சியவன் அடிமையாகிறான். ஆண்டான் பொருளைத் துய்த்துத் தீர்க்கிறான். அடிமையோ ஆசையை அடக்கிக்கொண்டு பொருளுக்கு வடிவம் கொடுக்கிறான். நிலைத்து நிற்கும் அந்த வடிவத்தில் தன்னையே காண்கிறான். அடுத்து என்ன வருகிறது என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிளர்ச்சி வருவதில்லை, பண்டைய கிரேக்க, ரோமானியரின் ஸ்டோயிக் சிந்தனை வருகிறது: சங்கிலியோடு இருந்தும் எண்ணத்தில் விடுதலை. இதில் வர்க்கம் எங்கே?

1952இல் காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளர் ஃபனான் வைத்த திருத்தமும் முக்கியம். காலனிய ஆண்டானுக்கு அடிமையின் அங்கீகாரம் தேவையில்லை, வேலைதான் தேவை என்றார்.

பதில் 3:
சமூகக் கோட்பாட்டுக்கு நேரான வழி ஹெகலின் 'உரிமையின் தத்துவம்' (1820). குடிமைச் சமூகம் (குடும்பத்துக்கும் அரசுக்கும் இடைப்பட்ட சந்தை, தொழில் உலகம்) பற்றிய பகுதி 182 முதல் 256 வரையிலான பத்திகள். நேரமில்லையென்றால் 243 முதல் 248 வரையாவது படித்துவிடுங்கள். செல்வம் குவியக் குவிய வறுமையும் பெருகுகிறது. அவ்வளவு செல்வம் இருந்தும் வறுமையைத் தடுக்கச் சமூகத்திடம் போதிய வளம் இல்லை. அதனால் கடல் கடந்து சந்தையும் குடியேற்றமும் தேடுகிறது என்கிறார் ஹெகல். இதே நூல் மீதான மார்க்சின் 1843 விமர்சனத்தில் நமக்குக் கிடைப்பது அரசு பற்றிய 261 முதல் 313 வரையிலான பத்திகளுக்கு அவர் எழுதியதுதான்.

பிறர் அங்கீகாரத்தில்தான் மனிதன் தன்னை அடைகிறான் என்னும் அங்கீகாரக் கோட்பாடு வேண்டுமென்றால் ஜெர்மன் தத்துவவாதி ஹொன்னெத்தின் 1992 நூலான 'அங்கீகாரத்துக்கான போராட்டம்'. அவர் ஊன்றி நிற்பது 1807க்கு முன் யெனா நகரில் ஹெகல் எழுதியவற்றின் மீது. அதோடு அமெரிக்கச் சிந்தனையாளர் மீட் என்பவரின் சமூக உளவியலைச் சேர்த்து, அங்கீகாரத்தை அன்பு, உரிமை, சமூக மதிப்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். கோழேவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; முதலில் படித்தால் எங்கும் ஆண்டானும் அடிமையுமே தெரிவார்கள்.