−4-க்கு இரண்டு வர்க்கமூலம்: பூஜ்ஜியத்தின் குறி காரணமா?

கயல்:
பைத்தான் நிரல்மொழியில் (4, 0) என்று ஒரு கலப்பெண். முதலில் வருவது மெய்ப்பகுதி, அடுத்தது கற்பனைப் பகுதி. அதன் முன்னால் கழித்தல் குறி போட்டு வர்க்கமூலம் எடுத்தால் (0, −2) வருகிறது. (0, 0) என்ற கலப்பெண்ணிலிருந்து அதைக் கழித்துவிட்டு எடுத்தால் (0, 2). உள்ளீடுகள் இரண்டையும் == போட்டால் சமம் என்கிறது. பிறகு ஏன் விடை மாறுகிறது?

முகில்:
முன்னால் கழித்தல் குறி போட்டால் இரண்டு பகுதிகளின் குறியும் புரளும்: (−4, −0). ஆனால் 0-விலிருந்து 0-வைக் கழித்தால் +0, அதனால் (−4, +0). கணினியில் தசம எண்களைக் கையாளும் தரநிலையான ஐஇஇஇ 754 விதிப்படி −0, +0 ஒப்பீட்டில் சமம்தான், குறியைக் காட்டும் பிட் மட்டும் வேறு. ஓர் எண்ணின் குறியை இன்னொன்றுக்குப் போடும் காப்பிசைன் செயற்கூற்றைப் போட்டால் அது தெரிந்துவிடும்.

வர்க்கமூலத்துக்கு எதிர் மெய் அச்சு முழுக்க பிராஞ்ச் கட், அதாவது தாண்டினால் விடை சட்டென்று மாறும் கோடு. கோட்டுக்குச் சற்று மேலே (−4, 0.000001) எடுத்தால் விடை (0, 2)-ஐ ஒட்டி இருக்கும், சற்றுக் கீழே எடுத்தால் (0, −2)-ஐ ஒட்டி. கோட்டின் மேலேயே நிற்கும்போது எந்தப் பக்கம் என்பதைப் பூஜ்ஜியத்தின் குறிதான் சொல்கிறது. இணை எண்ணின் (கற்பனைப் பகுதியின் குறி மட்டும் மாறிய எண்ணின்) மூலம், மூலத்தின் இணை என்ற விதி கோட்டிலும் பிழைப்பது இதனால்தான். ஐஇஇஇ 754-ஐ வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான வில்லியம் கஹான் 1987-ல் இதற்காகவே வாதாடினார். எனக்கு மிகவும் பிடித்த வாதம் அது.

கயல்:
சரி, கற்பனைப் பகுதியோடு 0.0 கூட்டிவிட்டால் தீர்ந்துவிடுமா?

முகில்:
−0 + 0 = +0 என்பதால் எப்போதும் +2 கிடைக்கும். உங்கள் எண்கள் உண்மையில் மெய்யெண்களே என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மற்றபடி வேண்டாம். √(ப² − 1) எடுத்துக்கொள்ளுங்கள். ப = (0, −2) என்றால் ப² = (−4, −0), 1 போக (−5, −0), மூலம் (0, −2.236). பக்கத்தில் இருக்கும் (0.001, −2)-க்கும் கற்பனைப் பகுதி −2.236-தான். நடுவில் குறியை அழித்தால் இந்தப் புள்ளியில் +2.236 என்று குதிக்கும். இந்த மாதிரிப் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

செழியன்:
நீங்கள் அழிக்காமலும் குறி போகும். பைத்தான் 3.14-க்கு முந்தைய பதிப்புகளில் (−4, −0)-வோடு வெறும் 1 கூட்டினால் அந்த 1 முதலில் (1, 0) ஆகிவிடும், அப்புறம் −0 + 0 = +0. 3.14-ல் மெய்யெண் மெய்ப்பகுதியோடு மட்டும் கூடும். சி மொழி என்றால் ஜிசிசி கம்பைலரின் ஃபாஸ்ட்-மேத் (வேகத்துக்காகக் கணக்கு விதிகளைத் தளர்த்தும்) விருப்பத்தைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது பூஜ்ஜியத்தின் குறியைப் பொருட்படுத்தாது.