கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

வீட்டுக்குப் பின்னால் டேட்டா சென்டர் வரப்போகிறது, எதிர்ப்புக் கூட்டத்தில் என்ன கேட்பது என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் வைக்கிற கட்டடத்தைப் போய் ஏன் எதிர்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று பதில்களும் வந்தன. அந்தக் கட்டடங்களுக்குள் பல வருடம் வேலை பார்த்தவன் நான்.

சர்வர் எனும் கம்ப்யூட்டர்களை அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நின்றால் குளிரும். பின்பக்கம் போனால் அனல் முகத்தில் அடிக்கும். விசிறி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அந்த அனலை வெளியே தள்ளியாக வேண்டும். தண்ணீரை ஆவியாக்கித் தள்ளினால் கரண்ட் செலவு குறையும், ஆனால் ஆவியான தண்ணீர் போனதுதான். காற்றை வைத்தே குளிர்வித்தால் தண்ணீர் மிச்சம், கரண்ட் கூடும், இரைச்சலும் கூடும். அதனால் தம்பி, முதலில் கேளுங்கள்: எந்த முறை? கோடையின் உச்ச நாளில் எத்தனை லிட்டர்? ஆண்டுச் சராசரியைச் சொன்னால் விடாதீர்கள். ஊருக்கே தட்டுப்பாடு வருவது அந்த உச்ச நாளில்தான்.

இந்தக் கணக்கை யாரும் தானாகத் தருவதில்லை. தென் அமெரிக்காவின் உருகுவேயில் கூகுள் கட்ட இருந்த டேட்டா சென்டருக்கு நாளுக்கு 76 லட்சம் லிட்டர் தேவை என்ற விவரம், ஓர் ஆய்வாளர் வழக்குப் போட்ட பிறகுதான் வெளியே வந்தது. 2023 வறட்சியில் அந்நாட்டின் தலைநகர் மான்டிவிடியோ வீடுகளில் குழாயைத் திறந்தால் உப்புக் கரித்த தண்ணீர் வந்த நேரத்தில் அந்த எண் மக்கள் வாயில் நின்றது. பிறகு திட்டத்தைச் சுருக்கி, காற்றுக் குளிர்விப்புக்கு மாற்றினார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டேல்ஸ் நகரம், கூகுளின் தண்ணீர்க் கணக்கைக் கேட்ட பத்திரிகைக்கு எதிராகவே வழக்குத் தொடுத்தது. கடைசியில் கணக்கு வெளிவந்தபோது, 2021-இல் நகரத் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் கூகுளின் டேட்டா சென்டர்களுக்குப் போயிருந்தது! இதைத் தொழில் ரகசியம் என்று மூடி வைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவார்கள். கட்டும்போது ஆள் நிறைய வேண்டும், உண்மைதான். கட்டி முடித்த பிறகு, நான் இருந்த இடத்தில் இரவு ஷிப்டுக்கு ஆறு பேர்தான்.

அப்புறம், அறிவிப்புத் தேதிகளைக் குறித்து வையுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுமார் 2,100 ஏக்கர் டேட்டா சென்டர் திட்டத்துக்கு 2023 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தார்கள். பொது விசாரணை அறிவிப்பை முறைப்படி வெளியிடவில்லை என்று 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

கேள்விகளை எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள் தம்பி. அவர்கள் கொடுக்கும் திட்ட அறிக்கையை எனக்கு அனுப்பினால், குளிர்விப்புப் பகுதியைப் படித்துப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.